அம்மாவுக்குப் பிடிக்கிற சண்டைக் கேசட்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வந்து கால் கழுவுவதற்குள் அண்ணன் போன் செய்துவிடுவான். இரண்டாம் சனிக்கிழமைக்கு முந்தின வெள்ளி என்றால் நிச்சயம். குன்னத்திலிருந்து பெரம்பலூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த இடுப்புக்கு அந்த நேரத்தில் யாருடைய குரலும் பிடிக்காது. அண்ணன் குரல் என்பதால் எடுப்பேன்.

“பாப்பா, நாளைக்கு எதப் போடலாம், சட்டுனு சொல்லு. ராத்திரி பூரா நெட்லேர்ந்து எறங்குனாத்தான் காலைல ரெடியாவும்.”

அவன் கேட்பது சண்டை விளையாட்டைப் பற்றி. அண்ணன் மகன் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபோது தன்னுடைய கேம் பெட்டியை அரியலூர் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். கொஞ்ச காலம் அது டி.வி.க்குக் கீழே துணி போர்த்திக்கொண்டு கிடந்தது. ஒரு சனிக்கிழமை நான் போயிருந்தபோது அண்ணன் அந்தத் துணியை எடுத்தான். அன்றிலிருந்து மாசத்துக்கு ஒரு நாள் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து திரையில் ஒருவரை ஒருவர் உதைத்துக்கொள்கிறோம். அவனுக்குச் சர்க்கரை. எனக்கு வலது மணிக்கட்டில் வலி, பட்டை கட்டியிருக்கிறேன். அண்ணி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். அந்தப் பார்வைக்கு நாங்கள் பழகிவிட்டோம்.

ஒரு விளையாட்டு அலுத்தால் அடுத்தது வேண்டும். அடுத்தது எது என்று முடிவு செய்வதில்தான் எனக்குச் சலிப்பு. உங்களில் என் வயசுக்காரர்களுக்கு இது புரியும். நாற்பதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்த பிறகு எதையும் பொறுக்கி எடுக்கத் தெம்பில்லை. ஜவுளிக் கடையில் முதலில் விரித்துப் போட்ட சேலையையே எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். ஹோட்டலில் பக்கத்து மேஜைக்காரர் சாப்பிடுவதையே எனக்கும் கொடுங்கள் என்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை அண்ணன் மூன்று பெயர்களைப் படித்தான். ஒன்று கத்திச் சண்டை. ஒன்று மல்யுத்தம்.

“மூணாவது, ரெண்டு பேரும் சேந்தாப்ல போயி மத்தவங்கள அடிக்கிறது,” என்றான். “அது வேண்டாம்ல?”

“அது வேண்டாம்,” என்றேன்.

எப்போதும் அவன் அப்படித்தான் கேட்பான், நானும் அப்படித்தான் சொல்வேன். ஏன் வேண்டாம் என்று அவன் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை. இருவருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன்.

எனக்குப் பத்து வயசு, அண்ணனுக்குப் பதின்மூன்று. அரியலூரில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். அப்பாவுக்கு சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. சட்டையை எத்தனை தடவை அலசினாலும் தண்ணீர் பால் மாதிரிதான் போகும். அப்பா உட்கார்ந்து எழுந்த நாற்காலியில், சாய்ந்த சுவரில், தொட்ட டம்ளரில் எல்லாம் ஒரு வெள்ளை படிந்திருக்கும். எங்கள் வீட்டில் யார் கையில் எந்த வெள்ளை ஒட்டியிருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம். அம்மா ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் டவுன் பஸ்ஸில் போய் சாயங்காலம் சாக்பீஸ் வாசனையோடு திரும்புவாள்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு அப்பா ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கி வந்தார். சாம்பல் நிறம், சோப்பு டப்பாவைவிட ரொம்பப் பெரிது என்று சொல்ல முடியாது. இரண்டு ஜாய்ஸ்டிக். கறுப்பு அடாப்டர் ஒன்று, அரைமணி நேரத்தில் சூடேறி ஒரு பிளாஸ்டிக் வாடை அடிக்கும். அந்த வாடை எங்காவது வந்தால் எனக்கு இப்போதும் கட்டைவிரல் நுனி அரிக்கிறது. டி.வி.யில் சேனல் குமிழைத் திருகித் திருகிப் படத்தைப் பிடிக்க வேண்டும். பெட்டியில் செருகிய விளையாட்டுக் கேசட் படம் காட்டாவிட்டால் வெளியே எடுத்து அதன் வாயில் ஊத வேண்டும். ஊதினால் ஏன் வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நம் தலைமுறையில் ஊதாதவர் யார்?

பெரியப்பா மட்டும் ஆரம்பத்திலிருந்தே எதிர்ப்பு. “பிக்சர் டியூப்பு போயிடும்டா, சொல்லிட்டேன்,” என்பார் அப்பாவிடம். பெரியப்பா என்றால் அப்பாவின் ஒரே அண்ணன். ரொம்ப நியாயமான மனிதர் என்று உறவில் பெயர் வாங்கியவர். எந்த வீட்டில் பாகப் பிரிவினை என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

வீட்டில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒத்துப்போகவில்லை. அடிதடி எல்லாம் கிடையாது, அப்பா கை நீட்டியவர் இல்லை. அம்மா ஒன்று நினைத்திருப்பாள், அப்பா அதற்கு முன்பே வேறொன்றை முடிவு செய்துவிட்டிருப்பார், அவ்வளவுதான். அம்மாவுக்குத் தபாலில் மேலே படிக்க ஆசை. பெரம்பலூர்ப் பக்கம் மாற்றல் வாங்கினால் பெரிய பள்ளிக்கூடம் என்பாள். “குறுக்க வராத. நான் ஒரு கணக்குப் போட்டு வெச்சிருக்கேன்,” என்பார் அப்பா. அந்தக் கணக்கு என்ன என்று அவர் கடைசிவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மா பதில் சொல்வாள், அவர் திரும்பவும் குறுக்க வராத என்பார், அதற்கப்புறம் அம்மா பாத்திரங்களோடு பேசுவாள். அந்தச் சத்தம் கேட்டதும் அண்ணன் எழுந்துபோய் டி.வி. வால்யூமைக் கூட்டிவிடுவான். திரையில் இரண்டு பேர் ஹா ஹூ என்று அடித்துக்கொள்வார்கள். உள்ளே நடப்பது எங்களுக்குக் கேட்காது.

மே மாசம் வந்தது. உங்களில் எங்கள் சபைக்காரர்கள் இருந்தால் தெரியும், மே மாசம் மாதாவுக்கு உரியது. தினமும் சாயங்காலம் ஜெபமாலை. ஐம்பத்து மூன்று மணிகளையும் உருட்டி முடித்த பிறகுதான் பெட்டியைத் தொடலாம் என்று அம்மாவின் உத்தரவு. அண்ணன் கடைசிப் பத்து மணிகளைப் பறக்கவிட்டு, அம்மாவிடம் முறைப்பு வாங்கி, மறுபடியும் முதலிலிருந்து சொல்வான்.

அப்படி ஒரு சாயங்காலம், ஜெபமாலை முடிந்து நாங்கள் ஆடிக்கொண்டிருந்தபோது, அப்பா பின்னால் வந்து நின்றார். அப்போது எங்களிடம் இருந்தது எதிரெதிரே நின்று அடித்துக்கொள்ளும் கேசட். அண்ணன் கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கை வாங்கினார். என்னைத் தோற்கடித்துவிட்டுச் சமையலறைப் பக்கம் பார்த்து, “டீச்சர், நீ ஒரு ஆட்டம் வர்றியா?” என்றார்.

அம்மா வரமாட்டாள் என்றுதான் நினைத்தோம். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். ஆட்களில் ஒரு பெண் இருந்தாள், மஞ்சள் உடுப்பும் உச்சிக் கொண்டையுமாக. அம்மா அவளை எடுத்துக்கொண்டாள். விளையாட்டெல்லாம் ஒன்றும் இல்லை, ஒரே பட்டனை வடை மாவுக்கு உளுந்து இடிப்பது போல் குத்திக்கொண்டே இருந்தாள். கொண்டைக்காரி மூலையில் நின்று காலை நீட்டி நீட்டி உதைத்தாள். அப்பாவின் ஆள் பாய்ந்து பாய்ந்து போய் அந்தக் காலில் விழுந்தான். மூன்று ஆட்டமும் அம்மாவுக்கு.

அப்பா சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். “டீச்சர் அடிடா இது,” என்றார் எங்களைப் பார்த்து. அம்மாவும் சிரித்தாள். அன்றைக்குச் சாப்பாட்டில் பாத்திரச் சத்தம் இல்லை. படுத்த பிறகு அண்ணன் என் காதில், “அவங்க சண்டைய இதுக்குள்ளயே போட்டுக்கிட்டா நல்லாருக்கும்ல?” என்றான். எனக்கும் அதுதான் தோன்றியிருந்தது. அன்று முதல் எங்களுக்கு வேறு வேலை இல்லை. இவர்களை எப்படியாவது மறுபடியும் அந்தக் கட்டிலுக்கும் தரைக்கும் கொண்டுவர வேண்டும்.

நேரம் சரியில்லை. அந்த வாரமே கேசட் கெட்டுப்போனது. போட்டால் வெறும் கோடுகள். ஊதினோம், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தோம், வெயிலில் வைத்தோம், கடைசியில் அண்ணன் மாதா படத்தின் முன்னால்கூட வைத்துப் பார்த்தான். கோடுகள்தான். அதற்குள் உள்ளே பேச்சுச் சத்தமும் திரும்ப ஆரம்பித்துவிட்டது. இந்தத் தடவை முன்பைவிடத் தணிந்த குரலில். தணிந்த குரல் எங்களுக்கு இன்னும் பயமாக இருந்தது.

கேசட் மாற்ற வேண்டுமென்றால் பெரம்பலூர் போக வேண்டும். அங்கே பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடிகாரம் ரிப்பேர் செய்யும் பாய் ஒருவர், கண்ணாடி அலமாரியில் கேசட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். அவரிடம் புதிதாக வாங்குகிறவர்கள் குறைவு. பழையதையோ கெட்டதையோ கொடுத்து, மேலே கொஞ்சம் பணம் போட்டு, வேறொன்றை எடுத்து வருவதுதான் வழக்கம். அதனால் எங்களிடம் எந்தக் காலத்திலும் ஒரு சண்டைக் கேசட்டுக்கு மேல் இருந்ததில்லை. அடுத்தது வேண்டுமானால் கையில் இருப்பதை விட வேண்டும்.

அம்மாவிடம் பயந்துகொண்டே கேட்டோம். அவள் உடனே, “நாளைக்கே போலாம். எனக்கும் டவுன்ல ஒரு வேலை இருக்கு,” என்றாள். எங்களால் நம்பவே முடியவில்லை.

கடையில் எங்களை விட்டுவிட்டு, “பாய், புள்ளைங்க இங்க இருக்கட்டும். நான் வந்துடறேன்,” என்றாள். எங்களிடம், “அவசரமில்ல. நல்லாப் பாத்து எடுங்க,” என்றாள். அம்மா வாயிலிருந்து அவசரமில்லை என்ற வார்த்தை வந்து அன்றுதான் கேட்டேன்.

பாய் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமலே பேசுவார். “படம் வருதான்னு மட்டும் போட்டுக் காட்டுவேன். வெளயாடிப் பாக்க வுட மாட்டேன். எடுத்துட்டுப் போயிட்டு நாளைக்கே மாத்தணும்னு வந்து நிக்கக் கூடாது, என்ன?” என்றார். அவரிடம் இருந்தது ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை டி.வி. அதில் தலைப்பு எழுத்து மின்னும், அவ்வளவுதான், உருவிவிடுவார். ஆகவே எல்லோரும் கேசட்டின் மேல் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்துத்தான் எடுப்போம்.

அண்ணன் முதலில் கத்திக்காரன் படத்தை எடுத்தான்.

“ரத்தம் வரும். அம்மா எந்திரிச்சுப் போயிடும்,” என்றேன்.

அடுத்தது மல்யுத்தம்.

“எல்லாரும் ஜட்டியோட நிக்கிறானுங்க. ஜெபமால முடிஞ்சதும் இதப் போட்டா என்ன நடக்கும் தெரியுமாண்ணே?”

அவனே வைத்துவிட்டான். பிறகு இரும்பு ரோபோக்கள் மோதிக்கொள்ளும் ஒன்று. அண்ணனுக்கு அதன்மேல் உயிர். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இதுல பொம்பளையே இல்லண்ணே. அம்மா எதை எடுக்கும்?”

பெருமூச்சு விட்டான். அந்த வயசுப் பையன் ஒரு ரோபோ கேசட்டைத் திருப்பி வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போது தெரிகிறது.

வெளியே வெயில் ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டது. அம்மா வரவில்லை. எங்களுக்கு அது நல்லதாகத்தான் பட்டது, அலமாரியின் கீழ்த்தட்டையும் பார்க்க நேரம் கிடைத்தது. அங்கேதான் அது இருந்தது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் முதுகோடு முதுகு ஒட்டி, முஷ்டியை மடக்கி நிற்கிற படம்.

“ரெண்டே பேரு,” என்றான் அண்ணன். “ஒண்ணு அப்பா. ஒண்ணு அம்மா.”

“முதுகக் காட்டிட்டு நிக்கிறாங்களே?”

“சண்டைக்கு முன்னாடி அப்படித்தான் நிப்பாங்க. அப்பறம் திரும்பி அடிப்பாங்க.”

நியாயமாகத்தான் இருந்தது. எடுத்துக்கொண்டோம்.

அம்மா வந்தபோது முகம் வீங்கினாற்போல் இருந்தது. வெயில் என்று நினைத்தோம். வலது முழங்கையில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. பஸ்ஸில் அண்ணன் அதைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டான். எங்கள் வீட்டு வெள்ளைதானே என்று யாரும் ஒன்றும் பேசவில்லை. அம்மா எங்கள் இருவருக்கும் வாங்கிவந்த ரோஸ்மில்க் பாக்கெட்டை நாங்கள் உறிஞ்சி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஓய்வு. காலையில் பூசை, மத்தியானம் கறி, சாயங்காலம் ஜெபமாலை. அண்ணன் அன்று ஒரு மணியைக்கூட விழுங்கவில்லை. முடிந்ததும் பெட்டியை மாட்டி, “அப்பா, புதுசு. நீங்களும் அம்மாவும்தான் மொதல்ல,” என்றான். அப்பா தரையில் உட்கார்ந்தார். அம்மா கட்டில் விளிம்புக்கு வந்தாள், கூப்பிட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. இருவரும் திரும்பி அடித்துக்கொள்ளவில்லை. ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு ஒரு தெருவில் நடந்துபோனார்கள். எதிரே வந்த ரவுடிகளை இருவரும் சேர்ந்துதான் அடிக்க வேண்டியிருந்தது. அது அந்த வகைக் கேசட். படம் எங்களை ஏமாற்றிவிட்டது. அண்ணன் என் கையைக் கிள்ளினான். கிள்ளின இடம் இரண்டு நாள் சிவந்திருந்தது.

ஆனால் அவர்கள் ஆடினார்கள். “நீ அந்தப் பக்கம் பாத்துக்க, டீச்சர். இந்தப் பக்கம் நான்,” என்றார் அப்பா. “பின்னாடி ஒருத்தன் வரான் பாருங்க,” என்றாள் அம்மா. உளுந்து இடிக்கிற அதே குத்துதான், ஆனால் அப்பாவின் ஆள் கீழே விழுந்து கிடந்தபோது அவன் எழுந்திருக்கும்வரை அம்மாவின் ஆள் பக்கத்திலேயே நின்று வந்தவர்களை உதைத்தது. ஒரு தெரு முடிந்தது. ஒரு கிடங்கு முடிந்தது. அப்பா தன்னையறியாமல் கட்டில் காலில் சாய்ந்துகொண்டார், அவர் தோள் அம்மாவின் முழங்காலில் பட்டுக்கொண்டிருந்தது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் வாயை மூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

அப்புறம் ஒரு பாலம் வந்தது. நடுவில் ஓர் இடத்தில் பலகை இல்லை, கீழே தண்ணீர். அப்பாவின் ஆள் கையில் ஓர் இரும்புக் குழாய் கிடைத்தது. ரவுடி ஒருவன் வந்தான். அப்பா குழாயைச் சுழற்றினார். அந்த வகை விளையாட்டில் ஒரு கேடு உண்டு, நம் அடி நம் பக்கத்து ஆள்மேலும் விழும். அம்மாவின் ஆள் நடுவில் இருந்தது. அடி அதன்மேல் விழுந்து, அது பாலத்திலிருந்து தண்ணீருக்குள் போனது. அதுதான் அதற்குக் கடைசி உயிர்.

“குறுக்க ஏன் வந்த?” என்றார் அப்பா.

கோபமாகச் சொல்லவில்லை. விளையாட்டு வேகத்தில் வாயில் வந்த வார்த்தை, அவ்வளவுதான். ஆனால் அந்த வார்த்தை எங்கள் வீட்டில் எத்தனை தடவை சொல்லப்பட்டது என்று எங்கள் நால்வருக்கும் தெரியும்.

அம்மா ஜாய்ஸ்டிக்கை மெதுவாகக் கட்டிலில் வைத்தாள். “சரி. இனிமே வரல,” என்றாள். எழுந்து சமையலறைக்குள் போனாள். பாத்திரச் சத்தம்கூட வரவில்லை. அப்பா திரையைப் பார்த்தபடியே இருந்தார். அவருடைய ஆள் அந்தப் பாலத்தில் கொஞ்ச தூரம் தனியாக நடந்தான், நாலு பேர் வந்து சூழ்ந்து அடித்ததும் விழுந்தான்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் அம்மாவுக்குப் பெரம்பலூருக்கு மாற்றல் வந்துவிட்டது. அம்மா அங்கேயே இருக்கப்போகிறாள், நான் அவளோடு போகிறேன், அண்ணன் அப்பாவோடு இருக்கிறான் என்று பெரியப்பா வந்து உட்கார்ந்து முடித்துவைத்தார். நான் பெட்டிக்காக அழுதேன். அண்ணனுக்காக என்று சொல்லத் தெரியாமல் பெட்டி பெட்டி என்று அழுதிருப்பேன். பெரியப்பா யோசித்தார். ஆளுக்குப் பாதி என்பதுதான் அவருடைய நீதி. “பெட்டி பையனுக்கு, கேசட்டு பொண்ணுக்கு. யாருக்கும் கொற வேண்டாம்,” என்றார். கூடியிருந்த பெரியவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவருக்குக்கூடச் சிரிப்பு வரவில்லை. நான் பெரம்பலூரில் ஒரு கேசட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வேன், அவன் அரியலூரில் வெறும் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

போகும்போது பெரியப்பா வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. “சண்டையக் கடையில வாங்கிட்டு வந்து வூட்டுக்குள்ள வெச்சா வேற என்னாவும்?”

எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. பெரியவர் சொல்லிவிட்டார். கடைக்குப் போனது நாங்கள். கீழ்த்தட்டிலிருந்து அந்தப் படத்தை எடுத்தது நாங்கள். ஒரு தடவை, அண்ணன் எங்களைப் பார்க்க வந்துவிட்டுத் திரும்பியபோது, பஸ் ஜன்னலிலிருந்து, “அந்த ரோபோவையே எடுத்திருக்கலாம் பாப்பா,” என்றான். அதைப் பற்றி அவன் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

கேசட்டை ரொம்ப நாள் என் பாவாடைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். வீடு மாறியதில் எங்கோ போய்விட்டது. அரியலூரில் அந்தப் பெட்டியின் அடாப்டரை அப்பா ரேடியோவுக்கு மாட்டிக்கொண்டார். அம்மாவும் அப்பாவும் அதற்கப்புறம் விரோதிகளாக எல்லாம் இல்லை. என் கல்யாணத்தில் இருவரும் பக்கத்தில் நின்றார்கள். ஏலாக்குறிச்சி மாதா கோயில் திருவிழாவில் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொள்வார்கள். அப்பா போனபோது அம்மா வந்து தலைமாட்டில் உட்கார்ந்து எடுக்கும்வரை எழுந்திருக்கவில்லை. ஆனால் பெரம்பலூரும் அரியலூரும் ஒரே வீடாக ஆகவே இல்லை. அந்த இரண்டு ஊருக்கும் நடுவே ஓடும் பஸ்ஸில் நானும் அண்ணனும் எத்தனை தடவை போய்வந்திருப்போம். ஒவ்வொரு தடவையும் எனக்குள் அந்த எண்ணம் கல் மாதிரி உட்கார்ந்திருக்கும், வேறு கேசட் எடுத்திருந்தால் என்று. களைத்துப் போகிற எண்ணம் அது. சொல்லி அழவும் முடியாது, கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

போன வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அது வேண்டாம் என்று நான் சொன்னபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள்.

“அது ஏன் வேண்டாம்? எப்பப் பாத்தாலும் அத மட்டும் வேண்டாங்கிறீங்களே.”

எனக்கு அன்று என்னவோ பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை. “நாங்க வாங்குன கேசட்டாலதானம்மா எல்லாம் ஆச்சு,” என்றேன்.

“எந்தக் கேசட்டு?”

உண்மையிலேயே கேட்டாள். நான் சொன்னேன். பாய் கடை, முதுகோடு முதுகு நின்ற படம், பாலம், குழாய், அப்பா சொன்ன வார்த்தை. அம்மா கீரையைத் தட்டில் போட்டுவிட்டுக் கேட்டாள். போனில் அண்ணன் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

“அவரு அப்படிச் சொன்னாரா? எனக்கு நெனவில்ல,” என்றாள். கொஞ்சம் யோசித்தாள். “பாய் கடையில உங்கள வுட்டுட்டுப் போனது நெனவிருக்கு. அன்னைக்குத்தான் இங்க வூடு பாத்து சாவி வாங்குனேன். மாத்தலுக்கு அதுக்கும் முன்னாடியே எழுதிப் போட்டாச்சு. செவுத்துல அடிச்ச சுண்ணாம்புகூடக் காயல. அதுலயே சாஞ்சு கொஞ்ச நேரம் நின்னுட்டேன். அழுதுட்டு வந்தாத்தான் உங்க மொகத்தப் பாக்க முடியும்னு இருந்துச்சு. அதான் லேட்டாயிடுச்சு.”

நான் அவள் முழங்கையைப் பார்த்தேன். சுருக்கம் விழுந்த, வெறும் முழங்கை.

“ஆனா அவரும் நானும் ஆடுனது நெனவிருக்கு,” என்றாள் அம்மா. “முடிவு பண்ணிட்டேன், போறதுதான். போறதுக்கு முன்னாடி அவர்கூட ஒரு தடவ ஒக்காந்து ஆடிட்டுப் போவோம்னு தோணுச்சு. சேந்து நடந்து போவோம்ல அதுல? நல்லாத்தான் இருந்துச்சு.”

தட்டை எடுத்துக்கொண்டு கீரையை அலச உள்ளே போய்விட்டாள். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

அண்ணன் போனை வைத்துவிட்டானோ என்று திரையைப் பார்த்தேன். வைக்கவில்லை.

“அண்ணே,” என்றேன்.

“ம்.”

“அந்த மூணாவதையே போட்டு வையி.”

“சரி,” என்றான். பிறகு, பஸ் ஜன்னலிலிருந்து பேசிய அந்தப் பதின்மூன்று வயசுக் குரலிலேயே, “அப்ப நாம எடுத்தது நல்ல கேசட்டுதான், பாப்பா,” என்றான்.